திருப்பூர் கற்பித்த பாடம்

2023-ம் வருஷம் மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் திருப்பூரில் நிகழ்ந்ததைத் தமிழ் மக்கள் அதற்குள் மறந்துவிடலாகாது. பனியன் கம்பெனிகளில் வேலை செய்துவந்த பீகார், ஜார்க்கண்ட் முதலிய வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் நிலையத்தில் நெருங்கி நின்றார்கள். ஹோலிப் பண்டிகை 8-ந் தேதி வந்தமையால் ஊர் திரும்பியவர்கள் அவர்களிற் பலர். ஆனால் பண்டிகைக்குப் போகிறவன் முகத்தில் இருக்கவேண்டிய களிப்பு எல்லோர் முகத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் இந்தி பேசுவோரைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள் என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலிருந்த பெற்றோரும் மனைவிமாரும் அதே படங்களைப் பார்த்துவிட்டு, உடனே புறப்பட்டு வரும்படி மன்றாடினார்கள். தடியெடுத்துத் துரத்தியவன் எவனுமில்லை. உள்ளங்கையளவுள்ள ஒரு கண்ணாடித் திரையே அவர்களைத் துரத்திற்று.

அத்திரையில் தோன்றியவை யாவை? அப்போது தமிழ்நாட்டுப் போலீஸ் தலைமை இயக்குநராயிருந்த ஸ்ரீ சைலேந்திரபாபு பகிரங்கமாக விளக்கினார். பரவிய காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நேர்ந்த சண்டை. இரண்டிலும் தமிழர் வடநாட்டாரைத் தாக்கவில்லை. ராஜஸ்தானத்தின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையின் காட்சிகூடத் தமிழ்நாட்டில் நடந்ததென்று பெயர் மாற்றி அனுப்பப்பட்டது. இன்னும் ஒரு காணொளி, காயமுற்றவர்போல் கட்டுக் கட்டிக்கொண்டு பாட்னா நகரத்து வீடொன்றில் நடித்துப் படமெடுக்கப்பட்டதென்று பீகார்ப் போலீசாரே பின்னர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

பீகார்ச் சட்டசபையில் இது பெரிய அமளியாயிற்று. அம்மாநில அரசாங்கம் நான்கு அதிகாரிகள் கொண்ட குழுவொன்றை அனுப்பிற்று. அதன் தலைவர் ஸ்ரீ பாலமுருகன், பிறப்பால் தமிழர். பீகாரில் உயர்பதவி வகிப்பவர். அக்குழுவினர் திருப்பூருக்கு வந்தார்கள். தொழிலாளரை அவர்கள் பாஷையிலேயே விசாரித்தார்கள். தமிழ்நாட்டு அதிகாரிகள் எடுத்த நடவடிக்கைகள் திருப்தியளிப்பதாகக் கூறினார்கள். உண்மை வெளிப்பட்டது, சந்தேகமில்லை. ஆனால் உண்மை ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் பல ரயில்கள் புறப்பட்டுப் போய்விட்டன.

இச்சம்பவத்தைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலோர் பொய்யைப் பரப்பியவன் யார் என்று கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் நாம் கேட்க விரும்புவது வேறு. லட்சத்துக்கு மேற்பட்ட உழைப்பாளிகள், தங்கள் கண்ணெதிரே யாதொரு கலகமும் காணாதிருந்தும், பக்கத்துத் தெருவில் கொலை நடப்பதாக நம்பும்படி நேர்ந்தது எதனால்? அவர்கள் அறிவிலிகளா? அல்லர். பவர் டேபிளில் உட்கார்ந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான உருப்படிகளைத் தைத்து முடிக்கும் கைக்குப் பின்னால் கூர்மையான மூளையொன்று உண்டு. அம்மூளை ஏமாந்த விதத்தை ஆராய்வதற்கென்றே இக்காலத்தில் ஒரு சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. இணையம், கைபேசி முதலியவை மனிதனுடைய மனத்தை எவ்வாறு மாற்றுகின்றன, மனிதன் அவற்றை எவ்வாறு தன் மனத்தின் இயல்புக்கேற்ப வளைக்கின்றான் என்பதை ஆராயும் அதனை சைபர் உளவியல் என்கிறார்கள். இணைய மனத்தத்துவம் என்று நாம் சொல்லலாம். 1998-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சஞ்சிகை தோன்றிற்று. 2018-ல் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் இதற்குத் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்திற்று. நம் தேசத்தில் பெங்களூர் தேசிய மனநலக் கழகத்தில், கைபேசிக்கும் விளையாட்டுக்கும் அடிமைப்பட்டோருக்கான சிகிச்சை நிலையம் 2014 முதல் நடைபெற்று வருகிறது. நல்ல காரியமே. ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளை இரவெல்லாம் விளையாடுவதைவிடப் பெரிதான விஷயம் இந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்பதைத் திருப்பூர் காட்டிவிட்டது.

இதனை மேனாட்டுச் சரக்கென்று ஒதுக்குவாரும் உளர். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். வதந்தியைப் பற்றிய ஆராய்ச்சியின் அடிக்கல்லுகளில் ஒன்று பீகாரிலேயே நாட்டப்பட்டது. 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரைப் பாழாக்கிய பூகம்பத்தை நம் பெரியோர் நினைவு கூர்வர். அப்போது பாட்னாவைச் சேர்ந்த மனத்தத்துவ அறிஞர் ஜமுனா பிரசாத் என்பவர், நடுக்கத்தை உணர்ந்தும் பெருஞ்சேதத்தைக் காணாதிருந்த ஜனங்களிடையே உலவிய வதந்திகளையெல்லாம் திரட்டி எழுதிவைத்து, 1935-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். நேபாள எல்லையிலிருந்து பெருவெள்ளம் பாய்ந்து வருகிறதென்றும், இன்ன தேதியில் கொடும்புயல் அடிக்குமென்றும், சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிருமென்றும் மக்கள் பேசிக்கொண்டார்கள். வந்த ஆபத்து நீங்கியபின் ஆறுதலான வதந்தியல்லவா பிறந்திருக்கவேண்டும்? மேன்மேலும் அச்சமூட்டும் வதந்தி பிறப்பானேன்?

இந்த வினாவைப் பற்றிக்கொண்டே அமெரிக்க அறிஞர் லியான் பெஸ்டிங்கர் 1957-ல் உலகப் பிரசித்தி பெற்ற தமது மன முரண்பாட்டுக் கொள்கையை விளக்கினார். அவர் கூறிய விடை இது: வதந்தி அச்சத்தை உண்டாக்குவதில்லை, முன்னமேயே மனத்தில் குடிகொண்டுவிட்ட அச்சத்துக்கு ஒரு காரணத்தைக் கொடுக்கிறது. நெஞ்சு பதறுகிறது, சுற்றிலும் பார்த்தால் பதறுவதற்கு ஒன்றுமில்லை. பதற்றத்தை விடவும் முடியவில்லை, காரணமின்றிப் பதறுகிறோம் என்று ஒப்பவும் முடியவில்லை. அத்தருணத்தில் ஒருவன் வந்து 'வெள்ளம் வருகிறது' என்றால், மனம் அவனை நன்றியுடன் வரவேற்கிறது. இதற்கு மறுதலையும் உண்டு. டார்ஜிலிங்கில் 1950-ல் மலைச்சரிவு நேர்ந்தபோது, இடிந்த வீடுகளைக் கண்ணாரக் கண்ட மக்களிடையே துர்கானந்த சின்ஹா என்ற அறிஞர் ஆராய்ந்தார். பின்வரும் பேரழிவைக் குறித்த அத்தகைய வதந்திகள் அங்கே எழவில்லை. அவர்கள் அச்சத்துக்கு வேண்டிய காரணம் கண்ணெதிரே கிடந்தது. கற்பனையின் உதவி அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பூரைப் பாருங்கள். ஏஜெண்டு ஒருவன் ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்ட இளைஞன் காண்ட்ராக்டரிடம் கூலி பெறுகிறான். காண்ட்ராக்டருக்கு மேலிருக்கும் முதலாளியின் பெயரை அவன் அறிந்திருப்பதும் அரிது. ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு, ஓர் அறையில் எட்டுப் பேராய்ப் படுக்கிறான். தெருப்பெயர்ப் பலகை அவனுக்குப் படிக்கத் தெரியாது. மளிகைக் கடையில் விரலைக் காட்டிச் சாமான் வாங்குகிறான். அவனுக்கு இவ்வூரில் வோட்டு இல்லை. ஆகவே வீட்டு வாசலில் வந்து நின்று க்ஷேமம் விசாரிக்கும் அரசியல்வாதியும் இல்லை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது வேலை நின்றதும் சோறு நின்றதும் அவன் மறக்கவில்லை. தன்னை இவ்வூர் வேண்டாவெறுப்பாகத்தான் வைத்திருக்கிறது என்ற ஐயம் அவன் நெஞ்சின் அடியில் கிடக்கிறது. அது பூகம்பத்தின் நடுக்கம் போன்றது. கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் திருப்பூர் ரயில் பாதையில் பீகார்க்காரர் ஒருவரின் சடலம் கிடந்தபோது, தோழர்கள் கொலையென்றே எண்ணி ரயில்வே போலீஸ் நிலையத்தின் முன் திரண்டார்கள். அவர் பாதையைக் கடக்கையில் ரயிலில் அடிபட்டாரென்று போலீசார் காமிராப் படத்தைக் கொண்டு விளக்கவேண்டியதாயிற்று. சடலம் உண்மை, துக்கம் உண்மை, காரணம் மட்டும் அச்சத்தின் கடையிலிருந்து கடன் வாங்கியது.

இது வடநாட்டாருக்கு மட்டும் உரிய பலவீனமென்று தமிழர் மார்தட்ட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன், 2023 ஜனவரியில், அதே திருப்பூரில் வடநாட்டுத் தொழிலாளர் சிலர் உள்ளூர் இளைஞர்களை விரட்டுவதுபோன்ற காணொளியொன்று பரவிற்று. கடைவாசலில் எழுந்த சில்லறைச் சச்சரவு அது. அதனை இரண்டு இனங்களின் யுத்தமாக்கி, 'தமிழனுக்குத் தன் ஊரில் இடமில்லை' என்று அனுப்பியவர்களும் நம்மவர்களே. வேலை போய்விடுமோ, கூலி குறைந்துவிடுமோ என்று நம் மனத்தில் இருந்த அச்சத்துக்கு அக்காணொளி காரணம் கொடுத்தது. ஒரே ஊர், ஒரே வேலை. ஆனால் இரண்டு பாஷைகளில் இரண்டு அச்சங்கள், ஒன்றையொன்று பார்த்து நடுங்கின. 2018 மே மாதத்தில் போளூருக்கு அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தாரைப் பிள்ளை பிடிப்பவர்களென்று எண்ணி ஊரார் அடித்ததையும், 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்ததையும் மறக்க முடியுமா? அடித்தவர்களும் தமிழர், அடிபட்டவர்களும் தமிழர். அங்கே வடநாட்டான் எங்கிருந்து வந்தான்?

வதந்தி புதிதன்று, ஆனால் கைபேசி அதற்குச் சில புதிய பலங்களை அளித்திருக்கிறது. முன்னாளில் வதந்தி காதுவழி வந்தது. கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய் என்று எச்சரித்த நம் முன்னோர் காதைத்தான் அதிகமாகச் சந்தேகித்தார்கள். இப்பொழுதோ வதந்தி கண்வழியே நுழைகிறது. படத்தில் ஓடும் ரத்தம் மெய்யான ரத்தம். இடமும் தேதியுமே பொய். கண் ரத்தத்தைப் பார்க்கிறது, தேதியைப் பார்ப்பதில்லை. மேலும், அச்செய்தியை அனுப்புகிறவன் அந்நியனல்லன், அண்ணனோ மைத்துனனோ. செய்தியை எழுதியவன் யாரென்று தெரியாத குறையை, அனுப்பியவன்மேலுள்ள அன்பு மறைத்துவிடுகிறது. ஒரே செய்தி மூன்று பேரிடமிருந்து வந்தால் மூன்று சாட்சிகள் சொன்னதாக மனம் கணக்கிடுகிறது. மூவரும் ஒரே ஊற்றில் மொண்டவர்களென்பது தோன்றுவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டது மெய்யாகத் தோன்றுமென்பதை அமெரிக்க அறிஞர்கள் 1977-லேயே பரீட்சை செய்து நிரூபித்தார்கள். முகத்துக்கு முகம் பேசும்போது நாக்கைக் கட்டும் வெட்கம், திரைக்குப் பின்னால் அவிழ்ந்துவிடுகிறதென்று 2004-ல் ஜான் சூலர் என்பவர் எடுத்துக்காட்டினார். 2018-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் டுவிட்டரில் உலவிய 1,26,000 செய்தித் தொடர்களைப் பரிசீலித்து, மெய்யைவிடப் பொய்யே விரைவாகவும் வெகுதூரமும் பரவிற்றென்றும், பரப்பியவை இயந்திரங்களல்ல, பெரும்பாலும் மனிதர்களே என்றும் முடிவு கூறினர்.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்கள். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம் நீதிமன்றங்களை ஆண்டது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் பழையதும் புதியதும் ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகின்றன: பார்த்தேன் என்பவன் தானே பார்த்திருக்கவேண்டும், இன்னொருவன் சொல்லக் கேட்டது சாட்சியமாகாது. மின்னணுப் பதிவை நீட்டுகிறவன், அது எங்கே எவ்விதம் எடுக்கப்பட்டதென்று அத்தாட்சியும் நீட்டவேண்டும். ஆட்டைத் திருடினான் என்ற வழக்குக்கே இத்தனை நிபந்தனை! ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தைக் கொல்கிறது என்ற வழக்கையோ, நம் மனமென்னும் நீதிமன்றம் பிரதிவாதியைக் கூப்பிடாமலே விசாரித்து, ஒரு நிமிஷத்தில் தீர்ப்பெழுதி, நகலை இருபது பேருக்கு அனுப்பிவிடுகிறது. இதைவிட அநீதி வேறுண்டோ?

சரி, பரிகாரம் யாது? கடுஞ்சட்டம் என்பார் ஒரு சாரார். குற்றம் செய்தவனை வழக்குத் தொடர்ந்து தண்டிப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் இவ்விவகாரத்தில் காணொளிகளைப் பரப்பியதாகக் கைதான பீகார்க்காரர் ஒருவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் ஏவப்பட்டது. அந்தத் தடுப்புக் காவலை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்துச் செய்தது. விசாரணையின்றிச் சிறை என்பது ரௌலட் சட்ட காலத்திலிருந்து இத்தேசம் வெறுத்துவந்த முறை. பொய்யனைத் தியாகியாக்கிவிடும் குணம் அதற்கு உண்டு. இணையத்தையே நிறுத்திவிடு என்பார் மற்றொரு சாரார். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மக்கள் இதேபோன்ற பீதியால் பெங்களூரைவிட்டு அஸ்ஸாமுக்கு ஆயிரக்கணக்கில் ரயிலேறியபோது, ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்குமேல் அனுப்பலாகாதென்று மத்திய அரசாங்கம் சிலகாலம் கட்டுப்பாடு விதித்தது. 2018-ல் வாட்ஸப் கம்பெனியாரும் ஒரு செய்தியை ஐந்து பேருக்குமேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தனர். வேகத்தைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் அடியோடு வாயை அடைப்பது வேறு. ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரு அறிஞர்கள் 1947-லேயே எழுதிவைத்தார்கள்: விஷயம் முக்கியமானதாகவும், உண்மை நிலை தெளிவற்றதாகவும் இருக்குமிடத்தில் வதந்தி தழைக்கும். செய்தியை அடைத்தால் தெளிவின்மை பெருகும். தெளிவின்மை பெருகினால் வதந்தி பெருகும். விளக்கை அணைத்துவிட்டுப் பேயை ஓட்டுவதுபோலாகும் அது.

ஆகவே பரிகாரத்தை அச்சம் பிறக்குமிடத்தில் தேடவேண்டும். முதலாவது, முதலாளிமார்கள். திருப்பூர் ஆண்டுதோறும் 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடைகளை அயல்நாடுகளுக்கு அனுப்புகிறது. துணியில் ஒரு தையல் தவறாமல் பார்க்கச் செக்கிங் மேஜை வைத்திருக்கும் கம்பெனி, தொழிலாளியின் மனத்தில் எங்கே இழை அறுந்திருக்கிறதென்று பார்க்க ஒருவரை வைக்கலாகாதா? இந்தியும் ஒரியாவும் வங்காளியும் அறிந்த ஒருவர், கலகம் வந்தபின் அல்ல, சாதாரண நாளில் அவர்களுடன் உட்கார்ந்து பேசட்டும். ஆபத்து நாளில் ஒருவன் நம்புவது, அமைதி நாளில் தன்னோடு பேசியவனைத்தான்.

இரண்டாவது, தொழிற்சங்கங்கள். வடநாட்டான் வந்து கூலியைக் குறைத்தான் என்ற கசப்பைச் சங்கத்தார் அறிவார்கள். அந்தக் கசப்புக்கு மருந்து அவனையும் சங்கத்தில் சேர்த்து, ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்பதேயன்றி, அவன் ஓடிப்போவதைக் கண்டு உள்ளூர மகிழ்வதன்று.

மூன்றாவது, சர்வகலாசாலைகள். கோயம்புத்தூரில் பாரதியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. திருப்பூர் அதற்குக் கூப்பிடு தூரம். 1934-ல் தம்மூர் வதந்திகளைச் சேகரித்துத் தொகுத்த பாட்னா அறிஞரைப்போல், நம் மாணவர்கள் அனுப்பர்பாளையத்துக்கும் வேலம்பாளையத்துக்கும் போய், எந்தச் செய்தி எந்நாளில் யார் கைக்கு வந்தது, யார் நம்பினார், யார் நம்பவில்லை, நம்பாதவர் ஏன் நம்பவில்லை என்று கேட்டு எழுதட்டும். கடைசிக் கேள்வியே தலையாயது. ரயிலேறாமல் தங்கிவிட்டவர்களும் பல்லாயிரவர். அவர்களை நிறுத்திவைத்தது எது? வீட்டுக்காரர் சொன்ன ஒரு நல்வார்த்தையா? பக்கத்து மேஜையில் தைக்கும் தமிழ்ப்பெண்ணின் சிரிப்பா? இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் சாஸ்திரமே நமக்கு வேண்டிய இணைய மனத்தத்துவம். அதைத் தமிழிலேயே எழுதுங்கள்.

நான்காவது, பத்திரிகைகள். 2023-ல் பிழை செய்தவை கைபேசிகள் மட்டுமல்ல; அச்சிட்ட காகிதமும் அதில் பங்கு கொண்டது. இந்திப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர்மீது தமிழ்நாட்டுப் போலீசார் வழக்குப் பதிந்தனர். எத்தரப்பிலும் விசாரியாமல் வெளியிடும் அவசரம் நம் தொழிலின் பழைய நோய். அந்நோய்க்கு நாம் விதிவிலக்கென்று சொல்லிக்கொள்ள நமக்கு நா எழவில்லை.

கடைசியாக நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிற் பெரும்பாலோர் நாலுபேருக்கு வழி சொல்லும் ஸ்தானத்தில் இருக்கிறவர்கள். நீங்கள் அனுப்பும் செய்தியை நூறு பேர் நம்புகிறார்கள்; நீங்கள் சொன்னதனாலேயே நம்புகிறார்கள். நெஞ்சைக் கொதிக்கச் செய்யும் காணொளி வந்தால், அக்கொதிப்பையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். இடம் எது, தேதி எது, பார்த்தவன் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை விரலை அடக்குங்கள். அடக்கிய விரலால் ஒரு மனிதன் தன் ஊரில் நிம்மதியாக உறங்கலாம்.

திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே குமரனின் நினைவகம் இருக்கிறது. சென்னிமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவன் அவன். 1932 ஜனவரியில் தடியடிபட்டு மண்டை பிளந்தும் அவன் கைவிடாத கொடி தமிழனுக்கு மட்டும் உரிய கொடியன்று; பாட்னாவிலும் அதே கொடிக்காக அடிபட்டார்கள். பிழைப்புக்காக அதே ஊருக்கு வந்த பீகார்ச் சகோதரன், மூட்டையைச் சுமந்துகொண்டு அந்நினைவகத்தைக் கடந்து அஞ்சி ஓடினான் என்பது நமக்குப் பெருமையல்ல. மறுமுறை ஒரு பொய்ச் செய்தி அவன் கைபேசியில் வரத்தான் செய்யும். அதை அவன் பார்க்கும்போது, 'என் பக்கத்து வீட்டுத் தமிழனை எனக்குத் தெரியும்; இது பொய்' என்று அவன் நெஞ்சு சொல்லவேண்டும். அந்த நிலையை உண்டாக்குவது போலீசாரின் வேலையல்ல, நம்முடைய வேலை. அதற்கு இன்றே, அமைதியாயிருக்கும்போதே, தொடங்கவேண்டும்.